ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு இசை கேட்கக் கொடுத்தால் பதற்றம் குறையும் என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. பேச்சு சரிதான், செய்கிற விதத்தில்தான் கோளாறு. அறுவைக்கு முன் நோயாளிகளைப் படுக்க வைக்கும் ப்ரீ-ஆப் அறையின் கூரையில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தி, பென் டிரைவைச் சொருகி, வாசலில் 'இசை சிகிச்சை' என்று பலகை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவருக்குப் பிடித்த பாட்டு மற்ற ஏழு பேருக்கு இரைச்சல். அதே பணத்துக்கு எட்டு ஹெட்போனும் எட்டுச் சின்ன எம்.பி.3 பிளேயரும் வாங்கலாம். எப்படி வாங்குவது, எதை ஏற்றுவது, எப்போது காதில் மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறோம்.

முதலில் அந்த அறையைக் காதால் பார்க்க வேண்டும். நோயாளி முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. கண்ணாடி, பல்செட், நகை எல்லாம் கழற்றிக் கொடுத்தாயிற்று. தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி, மேலே தொப்பி போட்டாயிற்று. உறவினர் கதவுக்கு வெளியே. படுத்த நிலையில் தெரிவது கூரையும் டியூப்லைட்டும்தான். ஆகவே உள்ளே வருவதெல்லாம் காது வழியாக வருகிறது: டிராலிச் சக்கரம் கிறீச்சிடுவது, ஸ்டீல் டிரே விழுவது, மானிட்டர் ஓயாமல் பீப் அடிப்பது, "அடுத்த கேஸை அனுப்புங்க" என்ற குரல், பக்கத்து ஸ்ட்ரெச்சரில் யாரோ முனகுவது, இரண்டு ஊழியர்கள் வேறொரு நோயாளியின் ரத்தப்போக்கைப் பற்றிப் பேசிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். கேட்பவர் அது தன்னைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். வயிற்றில் புளியைக் கரைக்கும் இந்தச் சத்தங்களை மறைப்பதுதான் இசை செய்யும் முதல் வேலை. மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு கொடுப்பது இரண்டாவது. கூரை ஸ்பீக்கர் இந்தச் சத்தங்களோடு இன்னொன்றைச் சேர்க்கிறதே தவிர எதையும் மறைப்பதில்லை.

இது புதுச் சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எவன் ஓ'நீல் கேன் என்ற அறுவை மருத்துவர், அறுவை அரங்கிற்குள் ஃபோனோகிராஃப் என்ற பழைய இசைத்தட்டுக் கருவியை வைத்துப் பயன்படுத்துவதைப் பற்றி 1914இலேயே அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் எழுதினார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 26 ஆய்வுகளில் பங்கேற்ற 2,051 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மிகக் குறைந்த மதிப்பெண் 20, மிக அதிகம் 80. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இசை கேட்டவர்களுக்கு இதில் சராசரியாக 5.72 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. இதை யாரும் மந்திரம் என்று விற்கக் கூடாது. ஆனால் ஊசியோ மாத்திரையோ இல்லாமல் கிடைத்த பலன் என்பதை மறக்கவும் கூடாது. நாடித்துடிப்பும் கீழ் ரத்த அழுத்தமும் சற்றே இறங்கின. மேல் ரத்த அழுத்தம் இறங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டேபிளில் ஏற்றியதும் பி.பி. 180/110க்கு மேல் நிற்கிறது, இசை போட்டால் இறங்கிவிடும் என்று காத்திருப்பது வீண். அதை மயக்க மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மிடாசோலம் என்ற பதற்றக் குறைப்பு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. ஸ்வீடனில் 372 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், இசை கேட்ட குழுவின் மதிப்பெண் அதே படிவத்தில் 34இலிருந்து 30 ஆனது. மிடாசோலம் விழுங்கிய குழுவுக்கு 36இலிருந்து 34 ஆனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 157 பேரிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவதற்கு முன் ஒரு சாராருக்கு நரம்பு வழியாக மிடாசோலம், மறு சாராருக்கு மூன்று நிமிடம் மென்னிசை. பதற்றம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் இசை கேட்டவர்களுக்குத் திருப்தி குறைவு. பாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே துண்டு. வெளிச் சத்தத்தை முற்றாக அடைக்கும் ஹெட்போன் என்பதால் மருத்துவர் பேசியது சரியாகக் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு குறைகளிலும் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மிடாசோலத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கொடுத்தால் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். வயதானவர்களுக்குத் தடுமாற்றம் வரலாம். அன்றே வீடு திரும்ப வேண்டியவருக்கு மயக்கம் தெளியத் தாமதமாகலாம். ப்ரீ-ஆப் அறையில் ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

இனித் தேர்வு. "என்ன பாட்டு போடட்டும்மா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "எது வேணாலும் போடுங்க" என்பார்கள். கூச்சம்தான் காரணம், விருப்பமில்லாமல் இல்லை. பன்னிரண்டு வகை எழுதிய பட்டியலை நீட்டினால் இன்னும் குழம்புவார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்து மூன்றே மூன்றை முன்வைத்து, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் போட்டுக் காட்டினால் முகமே சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை போதும்: வீணை, புல்லாங்குழல், கோயில் கோபுரம், பிறை, சிலுவை, பழைய ரேடியோ. கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டோம் என்பது நினைவிருக்கட்டும். படம் உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும்.

என்ன ஏற்றலாம்? நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை ஓடும் இசை பொதுவாக நல்லது. கணக்கு எளிது: கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 நொடிக்குத் தாளம் போடுங்கள்; 15 முதல் 20 தட்டுக்குள் இருந்தால் சரி. சொல் இல்லாத கருவி இசை, திடீர் ஏற்ற இறக்கம் இல்லாதது, தாள வாத்தியம் அடங்கியது என்பவை அடுத்த அளவுகோல்கள். வீணை, குழல், வயலின் ஆலாபனை பொருந்தும். நாதஸ்வரம் மங்கலம்தான்; ஆனால் திறந்தவெளிக்கான அந்த ஒலியையும் தவிலையும் காதோடு ஒட்டிய ஹெட்போனில் கேட்பது வேறு விஷயம். கச்சேரிப் பதிவுகளில் ஒரு பொறி இருக்கிறது. இருபது நிமிடம் அமைதியாகப் போன ஆலாபனை முடிந்ததும் சபை முழுக்கக் கைதட்டும், பின்னால் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனமும் வரும். கண்மூடிக் கிடந்தவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்வார். ஆகவே ஸ்டூடியோ பதிவாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது கைதட்டலை வெட்டிவிடுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பத்து நிமிட வேலை. அதிலேயே எல்லாப் பாட்டுகளின் ஒலியளவையும் சமன்செய்துவிடலாம். ஒரு பாட்டு முணுமுணுப்பாகவும் அடுத்தது அலறலாகவும் வருவதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் புகார்.

சினிமாப் பாட்டு விஷயத்தில் இரண்டு மனது. மெல்லிசை என்று நாம் நினைத்து ஏற்றிய ஒரு பாட்டு, கேட்பவருக்கு இறந்துபோன கணவரின் ஞாபகமாக இருக்கலாம். அவர் கேட்டு வாங்கினால் போடுங்கள். நாமாகத் திணிக்க வேண்டாம். சோகப் பாட்டுகளையும், ஊரில் இழவு வீட்டில் போடும் பாட்டுகளையும் கார்டிலேயே வைக்காதீர்கள்.

பக்திப் பாட்டுக்கு மேலே சொன்ன அளவுகோல் எதுவும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். கந்த சஷ்டி கவசம் வேகமானது, சொற்கள் நெருக்கமானது. தட்டு எண்ணினால் தேறாது. ஆனால் கண், காது, நாசி, மார்பு என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வேல் காக்க என்று வேண்டும் பாட்டு அது. கத்தி வைக்கப்போகும் இடத்தைக் காக்கச் சொல்லும் வரியைக் கேட்க ஒருவர் விரும்பினால், எந்த மென்னிசையும் அதற்கு ஈடாகாது. குர்ஆன் ஓதலும் கிறிஸ்தவக் கீர்த்தனைப் பாடல்களும் அப்படித்தான். ஹெட்போன் என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு உறுத்தலும் இல்லை.

இன்ன ராகம் ரத்த அழுத்தத்துக்கு, இன்ன ராகம் சிறுநீரகத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி ஏற்ற வேண்டாம். அந்தப் பொருத்தத்துக்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. நீலாம்பரி தாலாட்டு ராகம் என்பது நம் காதுக்குப் பழக்கம்; அந்தப் பழக்கம் உள்ளவருக்கு அது வேலை செய்யும். கர்னாடக இசை காதில் விழாமலே வளர்ந்தவருக்கு அதுவும் புரியாத சத்தம்தான். இணையத்தில் 'ரிலாக்ஸ்' என்று தேடினால் வரும் பியானோவும் கடலலையும் அதே கதை.

கருவி பற்றிச் சில விவரம். செல்போனை வேண்டாம் என்போம். யூடியூபில் ஓட்டினால் நடுவில் நகைக்கடை விளம்பரம் வரும். அறுவைக்குக் காத்திருப்பவர் காதில் 'உயிர்க் காப்பீடு எடுத்துவிட்டீர்களா' என்று கேட்டால் எப்படி இருக்கும்! மெமரி கார்டு போடும் எம்.பி.3 பிளேயர் போதும். இணையம் வேண்டாம், திரை வேண்டாம். வகைக்கு 40 நிமிடம் என்று கோப்புகளைச் சேர்த்து ஒரே நீளத் துண்டாக்கிவிட்டால் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாது. ஒலியை மோனோவாக, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி, மாற்றி ஏற்றுங்கள். ஒரு காது மந்தமானவர்களும் ஒருக்களித்துப் படுப்பவர்களும் நம்மிடம் அதிகம். ஸ்டீரியோவில் வயலின் இடது காதிலும் குரல் வலது காதிலும் போய்விட்டால் அவர்களுக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். ப்ளூடூத்தையும் தவிர்க்கலாம். நான்கு செட் ஒரே அறையில் இருந்தால் ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் ஒலிப்பது வாடிக்கை. ஒயர் உள்ளதை வாங்கினால், டிரிப்ஸ் ஏறும் கைக்கு எதிர்ப்பக்கமாக ஒயரை விடுங்கள். ஒயரும் டிரிப்ஸ் குழாயும் பின்னிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது கையில் குத்திய ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) பிடுங்கிக்கொண்டு வந்தால் ரத்தமும் வீண், மறுபடி ஒரு குத்தும் ஆகும்.

காதுக்குள் செருகும் இயர்போன் சுத்தத்துக்கு ஆகாது. காதை மூடும் ஹெட்போன் சரி. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைக்க வேண்டும். ஆனால் ரெக்சின் உறை தொடர்ந்து ஆல்கஹால் பட்டால் சில வாரத்தில் வெடித்து உரியும். உரிந்த இடத்தில் அழுக்கு சேரும், அப்புறம் எவ்வளவு துடைத்தும் பயனில்லை. இதற்கு எளிய வழி, அரங்கத்தில் மூட்டையாகக் கிடக்கும் எலாஸ்டிக் தொப்பியையே ஒவ்வொரு குமிழுக்கும் உறையாக மாட்டுவது. ஆளுக்கு இரண்டு, பயன்படுத்தியதும் குப்பைக்கு. நோயாளியின் தலைத்தொப்பிக்கு மேலேயே ஹெட்போனை மாட்டலாம், ஒலி குறையாது. தலையைக் கொண்டையாக முடிந்திருந்தால்தான் மல்லாந்து படுக்கையில் பட்டை நழுவும். இரட்டைப் பின்னலில் அந்தத் தொல்லை இல்லை.

சத்தம் எவ்வளவு? சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். அதைத் தாண்ட வேண்டாம். மீட்டர் இல்லையென்றால், நோயாளி காதில் மாட்டிய பிறகு ஒரு கை நீளத் தூரத்தில் நின்று பாருங்கள். பாட்டின் சொல் உங்களுக்குப் புரிந்தால் சத்தம் அதிகம். குறைவாகத் தொடங்கி, கூட்டுவதை அவர் கையிலேயே விடுவது நல்லது. வால்யூம் பொத்தானாவது தன் கட்டுப்பாட்டில் இருப்பது, எல்லாவற்றையும் பறிகொடுத்துப் படுத்திருப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

நேரம் 20 முதல் 30 நிமிடம். எப்போது தொடங்குவது என்பதில்தான் கவனம் தேவை. பெயர் சரிபார்ப்பு, ஒப்புதல் கையெழுத்து, அறுவை இடத்தில் குறியிடுதல், மயக்க மருத்துவரின் கேள்விகள், ஆன்டிபயாடிக் சோதனை ஊசி எல்லாம் முடிந்த பிறகே ஹெட்போன். சந்தேகம் கேட்க நினைத்தவர் காதில் பாட்டை மாட்டி வாயை அடைப்பது இசை சிகிச்சையில் சேராது. பாட்டு ஓடும்போது அவரிடம் எதுவும் கேட்க வேண்டுமானால், முதலில் தோளைத் தொட்டு, பிறகு ஹெட்போனைக் கழற்றி, அப்புறம்தான் பேச வேண்டும். மேலே நின்று கத்தினால் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்கம் கொடுப்பதற்கு முன் பெயர், அறுவை, இடம், ஒப்புதல் ஆகியவற்றை நோயாளி வாயாலேயே உறுதிசெய்யச் சொல்கிறது. அந்த நேரத்தில் இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும். இதனால்தான் வெளிச் சத்தத்தை முற்றாக அடைக்கும் விலை உயர்ந்த மாடலை வாங்காதீர்கள் என்கிறோம்.

கண்புரை அறுவைக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். கண்மணி விரிவதற்காகச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து விடுவார்கள். முக்கால் மணிநேரம் அப்படியே உட்கார வேண்டும். பார்வை மங்கிவிடும், பேப்பர் படிக்கவோ டி.வி. பார்க்கவோ வழியில்லை. மிச்சமிருப்பது காது மட்டும். சொட்டு விடுகிற ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் கழற்றத் தேவையில்லை. தோளைத் தொட்டால் போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

சிசேரியனில் நிலைமை வேறு. முதுகில் ஊசி போட்டுச் செய்வதால் தாய் விழித்திருப்பார். ஊசி போடும் வரை இசை சரி. ஊசி போடும்போது முதுகை வளைத்து அசையாமல் உட்காரச் சொல்லும் குரல் கேட்டாக வேண்டும். அதன்பின் மறுபடி மாட்டலாம், ஆனால் குழந்தையை வெளியே எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் நினைவாகக் கழற்றிவிட வேண்டும். முதல் அழுகையை எந்தப் பாட்டுக்காகவும் தவறவிடச் சம்மதிக்கும் தாய் இருக்க மாட்டார். அந்தப் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் நிச்சயம் மறந்துபோகும், எல்லோருடைய கண்ணும் வேறெங்கோ இருக்கும் நேரம் அது.

வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தால்தான் நிம்மதி என்பவர்கள் இருக்கிறார்கள். தலையில் அடிபட்டு நினைவைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியவர், காதில் சீழ் வடிபவர், இல்லாத குரல்கள் கேட்கும் மனநோய் உள்ளவர் ஆகியோருக்கும் கூடாது. சின்னக் குழந்தைக்குப் பாட்டைவிட அம்மாவின் மடிதான் மருந்து.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆராய்ச்சிப் படிவம் எதுவும் வேண்டாம். "பயமா இருக்கா?" என்று கேட்டால், அதுவும் உறவினர் முன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்ற பதில்தான் வரும். "பூஜ்யம்னா நிம்மதி, பத்துன்னா தாங்க முடியாத படபடப்பு; இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். மாட்டுவதற்கு முன் ஒரு முறை, கழற்றிய பின் ஒரு முறை. இரண்டு எண்ணையும் கேஸ் ஷீட்டில் எழுதினால் போதும். எண் இறங்கவே இல்லை, 8, 9 என்றே நிற்கிறது என்றால் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அங்கே தேவைப்படுவது விளக்கமாகவோ மருந்தாகவோ இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு திட்டம் எங்கே சாகும் என்றும் சொல்லிவிடுகிறோம். முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டாம் மாதம் சார்ஜ் போட ஆள் இருக்காது. மூன்றாம் மாதம் பிளேயர் டியூட்டி ரூமில் ஊழியர்களுக்குப் பாடிக்கொண்டிருக்கும். ஆகவே இரவுப் பணிக்குப் பொறுப்பு ஒப்படைக்கும் பதிவேட்டில், ஆக்சிஜன் சிலிண்டருக்கும் சக்‌ஷன் இயந்திரத்துக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: ஹெட்போன் இத்தனை, சார்ஜ் ஆன பிளேயர் இத்தனை. பதிவேட்டில் ஏறிய பொருள்தான் நம் மருத்துவமனைகளில் நிலைக்கும்.

அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி இல்லையென்றால் சேர்க்கையின்போதே செவிலியரிடம் கேளுங்கள், சொந்தமாகக் கொண்டுவரலாமா என்று. அனுமதித்தால், பிடித்த இசையில் 40 நிமிடம் போனில் இறக்கி வைத்து, ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். ப்ரீ-ஆப் அறைக்கு அப்பால் போன் செல்லாது. அங்கே அதை வாங்கிக்கொள்ள ஓர் உறவினர் கதவருகே நிற்கட்டும். காது மெஷின் வைத்திருப்பவர்கள் அதை வார்டிலேயே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருத்துவர் கடைசிக் கேள்வியைக் கேட்டு முடிக்கும் வரை அது காதில் இருக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மயக்கவியல் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள்,
மதுரை.